செருப்பு தடுப்பது முள்ளை மட்டும் அல்ல

பள்ளி திறக்கும் மாதம் வந்தால் நன்கொடைக் கோரிக்கைகளும் வந்துவிடும். வெறுங்காலோடு நிற்கும் ஒரு குழந்தையின் படம், கூடவே ஒரு ஜோடி ஷூவுக்கு எவ்வளவு அனுப்ப வேண்டும் என்ற விவரம். படம் சுற்றத் தொடங்கியதுமே எதிர்ப்பேச்சும் தொடங்கிவிடும். "நாங்களெல்லாம் வெறுங்காலில்தான் பள்ளிக்கூடம் போனோம், என்ன கெட்டுப்போச்சு?" என்பார் ஒருவர். "வெறுங்காலில் நடப்பதுதான் ஆரோக்கியம், வெளிநாட்டுக்காரனே இப்போது அதைத்தான் சொல்கிறான்" என்பார் இன்னொருவர்.

இந்த இரண்டு தரப்பும் காலைப் பற்றியே பேசுகின்றன. அந்தக் கால் எந்த மண்ணை மிதிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஏழைக் குழந்தைக்குச் செருப்பு ஏன் முக்கியம் என்பதற்கான பதிலில் பெரும்பகுதி அந்த மண்ணில்தான் இருக்கிறது.

வெறுங்கால் கெட்டதா?

இல்லை. இதை முதலிலேயே ஒத்துக்கொள்வது நல்லது. மணிப்பாலைச் சேர்ந்த ராவ், ஜோசப் என்ற இரண்டு மருத்துவர்கள் 2,300 குழந்தைகளின் கால்களைப் பரிசோதித்து 1992இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தட்டைப் பாதம், அதாவது உள்ளங்காலில் வளைவு சரியாக உருவாகாத நிலை, செருப்போ ஷூவோ அணிந்து வளர்ந்த குழந்தைகளில் 8.6 சதவீதம் பேருக்கு இருந்தது. வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம் பேருக்குத்தான். முன்பக்கம் மூடிய ஷூ அணிந்தவர்களிடம்தான் இது அதிகம்.

எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா 1960 ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு ஓடி மாரத்தானில் தங்கம் வென்றது பலருக்கும் தெரிந்த கதை. எனவே "செருப்பு இல்லாவிட்டால் கால் வளராது, வலுப்பெறாது" என்ற வாதம் நிற்காது. பாதத்தின் வடிவத்துக்காகச் செருப்பு தேவை என்று யாராவது சொன்னால் அவர் தவறான காரணத்தைச் சொல்கிறார். ஆனால் அதே எத்தியோப்பியாவின் மலைப்பகுதிகளில், வெறுங்காலோடு உழுததால் கால் வீங்கிப்போனவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அங்கே பிறகு வருவோம்.

கொசுவலையைப் போல

செருப்பைக் கொசுவலையாக நினைத்துப் பாருங்கள். வலை மருந்து அல்ல, காய்ச்சலைக் குணப்படுத்தாது. கடிக்க வரும் கொசுவுக்கும் தூங்குகிறவரின் தோலுக்கும் நடுவே நிற்கிறது, அவ்வளவுதான். நோய் பரப்பும் கொசு இருக்கும் ஊரில் அது உயிர் காக்கும். கொசுவே இல்லாத ஊரில் வெறும் துணி. மடித்துப் பெட்டியில் வைத்தால் எந்த ஊரிலும் பயனில்லை. ஓர் ஓட்டை விழுந்தாலும் சிக்கல்.

செருப்பும் அப்படித்தான் வேலை செய்கிறது. அது யாரைத் தடுக்கிறது என்று தெரிந்தால்தான் எங்கே தேவை, எந்த மாதிரி தேவை, எங்கே அதனால் பயனில்லை என்பதெல்லாம் புரியும். தடுக்கப்பட வேண்டியவர்களில் முதல் ஆள் ஒரு புழு.

தோலைத் துளைத்து வரும் புழு

குடலில் வாழும் புழுக்களில் கொக்கிப்புழு என்று ஒன்று உண்டு. வளர்ந்த புழு ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். சிறுகுடலின் சுவரைக் கவ்விப் பிடித்துக்கொண்டு ரத்தம் குடிக்கும். பெண் புழு நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். முட்டைகள் மலத்தோடு வெளியே வரும்.

கழிப்பறையில் போனால் கதை அங்கேயே முடிந்தது. திறந்தவெளியில் விழுந்தால்தான் அடுத்த கட்டம். ஈரமும் வெதுவெதுப்பும் நிழலும் உள்ள மண் கிடைத்தால் ஓரிரு நாளில் முட்டை பொரியும். அதிலிருந்து வரும் இளம்புழு ஐந்திலிருந்து பத்து நாட்களுக்குள் மனிதத் தோலைத் துளைக்கும் பக்குவத்துக்கு வந்துவிடும். நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, கண்ணுக்குத் தெரியாது. மண்ணின் மேல்பரப்பில் சில வாரம் காத்திருக்கும். வெறுங்கால் வந்து பட்டால் சில நிமிடங்களில் தோலுக்குள் போய்விடும். பெரும்பாலும் விரலிடுக்கு வழியாகத்தான். அந்த இடத்தில் அரிப்பும் சிறு கொப்புளமும் வரும். சேற்றுப்புண் என்று நினைத்து யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அப்புறம் அது போகும் பாதையைக் கேட்டால் நம்பவே முடியாது. காலில் நுழைந்த புழு ரத்த ஓட்டத்தில் ஏறி இதயம் வழியாக நுரையீரலுக்குப் போகிறது. அங்கே காற்றுப்பைக்குள் நுழைந்து மூச்சுக்குழாயில் மேலேறித் தொண்டைக்கு வருகிறது. சளியோடு நாம் அதை விழுங்குகிறோம். அப்படித்தான் குடலை அடைகிறது. காலில் தொடங்கியதிலிருந்து முட்டையிடத் தொடங்குவது வரை ஏறத்தாழ ஐந்து முதல் எட்டு வாரம். குடலுக்குள் சில ஆண்டுகள் வாழும்.

இதைக் கண்டுபிடித்தது ஒரு தற்செயல். ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 1890களின் இறுதியில் கெய்ரோவில் இந்தப் புழுக்களை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். இளம்புழுக்கள் இருந்த நீர் அவர் கையில் சிந்தியது. அந்த இடம் சிவந்து அரித்தது. பிறகு தன் மலத்தைத் தொடர்ந்து சோதித்துவந்தபோது அதில் கொக்கிப்புழு முட்டைகளைக் கண்டார். அதுவரை புழு என்றால் வாய் வழியாகத்தான் வரும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவர் சொன்னதைச் சக ஆய்வாளர்கள் உடனே நம்பிவிடவில்லை.

ஒரு துளி ரத்தத்தின் கணக்கு

ஒரு புழு குடிக்கும் ரத்தம் மிகக் குறைவு. கொக்கிப்புழுவில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. ஒன்று நாளைக்கு ஏறத்தாழ 0.03 மில்லி ரத்தத்தை வீணாக்கும், மற்றொன்று அதைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். சிறிய கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு குழந்தையின் குடலில் 100 புழுக்கள் இருந்தால் நாளைக்கு 3 மில்லி. ஒரு மில்லி ரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்புச்சத்து இருக்கும். ஆக, ஒன்றரை மில்லிகிராம் இரும்பு வெளியேறுகிறது. அதில் கொஞ்சத்தைக் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் என்றாலும், சாதாரணச் சாப்பாட்டிலிருந்து ஒரு குழந்தையின் உடல் நாளொன்றுக்கு எடுத்துக்கொள்ளும் இரும்பே சுமார் ஒரு மில்லிகிராம்தான். வரவை விடச் செலவு அதிகமாகிவிடுகிறது. கஞ்சியும் ரசமும் மட்டும் சாப்பிடும் வீட்டில் வரவும் குறைவு.

இதன் விளைவுதான் ரத்தசோகை. ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினை உருவாக்க இரும்பு வேண்டும், அது போதவில்லை என்றால் உடல் எப்போதும் சோர்ந்தே இருக்கும். ரத்தசோகை உள்ள குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை, எந்தப் புண்ணும் தெரியாது. வகுப்பில் தூங்கிவழியும், விளையாடக் கூப்பிட்டால் வராது, பாடம் மனதில் நிற்காது. "மந்தம்" என்று ஆசிரியர் எழுதிவைப்பார், "சோம்பேறி" என்று வீட்டில் திட்டுவார்கள்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இதே கதை நடந்தது. அங்கே ஏழை வெள்ளைக்கார விவசாயிகளும் கறுப்பினத்தவரும் வெறுங்காலோடு பருத்தி வயல்களில் உழைத்தவர்கள். அவர்கள் பிறவியிலேயே சோம்பேறிகள் என்று நாட்டின் மற்ற பகுதியினர் கேலி பேசினார்கள். சார்லஸ் ஸ்டைல்ஸ் என்ற விலங்கியலாளர் காரணம் கொக்கிப்புழு என்று 1902இல் சொன்னபோது பத்திரிகைகள் அதைச் "சோம்பேறிக் கிருமி" என்று நக்கலடித்தன. 1909இல் எண்ணெய்த் தொழிலதிபர் ராக்பெல்லர் 10 லட்சம் டாலர் கொடுத்து ஒழிப்பு இயக்கம் தொடங்கினார். சோதித்த பள்ளி வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ 40 சதவீதம் பேரிடம் புழு இருந்தது. மருந்து கொடுத்தார்கள், கழிப்பறை கட்டச் சொன்னார்கள், செருப்புப் போடச் சொன்னார்கள். ஹாய்ட் பிளீக்லி என்ற பொருளாதார அறிஞர் நூறாண்டுக்குப் பின் பழைய பதிவேடுகளைப் புரட்டி 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, புழு அதிகம் இருந்த பகுதிகளில்தான் இந்த இயக்கத்துக்குப் பின் பள்ளிச் சேர்க்கையும் வருகையும் எழுத்தறிவும் மற்ற இடங்களை விட வேகமாக உயர்ந்தன.

அடுத்த சில ஆண்டுகளில் அந்த இயக்கம் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தது, பிறகு சென்னை மாகாணத்துக்கும். தோட்டங்களில் சோதித்தபோது கிடைத்தது நம் மக்களின் ரத்தசோகை. தமிழ்நாட்டிலிருந்து கூலிக்குப் போனவர்கள் லயங்கள் என்ற வரிசை வீடுகளில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். கழிப்பறை இல்லை. தேயிலைச் செடிகளுக்கிடையே எப்போதும் நிழல், எப்போதும் ஈரம், கொழுந்து பறிக்கிற கால்களில் செருப்பு இல்லை. புழுவுக்கு வேண்டிய அத்தனையும் ஓரிடத்தில் இருந்தன. அங்கேயும் தொழிலாளியின் சோர்வுக்கு "சோம்பல்" என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கொக்கிப்புழு மண்ணிலிருந்து கால் தோல் வழியாக வருகிறது, குடலில் ரத்தம் குடித்து ரத்தசோகையை உண்டாக்குகிறது, அந்தச் சோர்வு படிப்பையும் உழைப்பையும் தின்கிறது. செருப்பு இந்தச் சங்கிலியில் மண்ணும் காலும் சந்திக்கும் இடத்தில் குறுக்கே நிற்கிறது.

மண்ணே நோயாகும் இடம்

இப்போது எத்தியோப்பியாவுக்குப் போவோம். யானைக்கால் என்றால் நமக்குக் கொசு நினைவுக்கு வரும். கொசு கடித்து உடம்பில் நுழையும் ஒரு நுண்ணிய புழுவால்தான் நம் ஊர் யானைக்கால் வருகிறது. ஆனால் எத்தியோப்பிய மலைநாட்டில் கொசுவும் இல்லாமல் புழுவும் இல்லாமல் கால் வீங்குகிறது. போடோகோனியோசிஸ் என்று அதற்குப் பெயர். நோய்க்கிருமி எதுவும் கிடையாது. காரணம் மண்தான்.

எரிமலைப் பாறை காலப்போக்கில் சிதைந்து உருவான செம்மண், நல்ல மழை, ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரம். இவை சேரும் இடங்களில் மண்ணில் மிக நுண்ணிய கனிமத் துகள்கள் இருக்கும். வெறுங்காலோடு ஆண்டுக்கணக்கில் அந்த மண்ணில் உழைப்பவரின் தோல் வெடிப்புகள் வழியாக அவை உள்ளே போகின்றன. உடலின் திசுக்களிலிருந்து கசியும் நீரைத் திரட்டித் திரும்ப ரத்தத்தில் சேர்க்கும் மெல்லிய குழாய்கள் நமக்கு உண்டு, அந்த நீருக்கு நிணநீர் என்று பெயர். துகள்கள் இந்தக் குழாய்களில் போய்த் தங்கி அழற்சியை உண்டாக்க, குழாய்கள் தடித்து அடைபடுகின்றன. நீர் வடிய வழியில்லாமல் பாதத்திலிருந்து மேல்நோக்கிக் கால் வீங்குகிறது.

எர்னஸ்ட் பிரைஸ் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் 1970களில் எத்தியோப்பியாவில் செய்த ஆய்வுகள்தான் இந்த மண் தொடர்பைத் தெளிவாக்கின. பாதிக்கப்பட்டவர்கள் உலகில் 40 லட்சம் பேர் இருக்கலாம் என்பது மதிப்பீடு. அதில் 15 லட்சத்துக்கும் மேல் எத்தியோப்பியாவில் மட்டும். அதே மண்ணில் நடக்கும் எல்லோருக்கும் இது வருவதில்லை. சில குடும்பங்களின் மரபணுவில் இதற்கு இடம் கொடுக்கும் தன்மை இருக்கிறது. அதனாலேயே "சாபம்", "ஒட்டுவாரொட்டி" என்ற பேச்சு கிளம்பி, அந்தக் குடும்பத்தில் பெண் எடுக்க மாட்டார்கள், குழந்தையைப் பள்ளியில் ஒதுக்கி உட்காரவைப்பார்கள். உண்மையில் இது யாருக்கும் தொற்றாது.

வீக்கம் பெரும்பாலும் பதின்பருவத்தில் அல்லது இருபதுகளில்தான் தெரியத் தொடங்கும். துகள் சேர்வதோ அதற்கு முன்பே, குழந்தைப் பருவத்திலிருந்தே. எனவே பத்து வயதுக்காரனுக்குக் கொடுக்கும் ஷூ இருபது வயதில் வரவிருக்கும் நோயைத் தடுக்கிறது. இங்கே செருப்பை விட மூடிய ஷூவும் காலுறையும்தான் நல்லது. தினமும் சோப்புப் போட்டுக் கால் கழுவுவதும் சேர வேண்டும்.

இந்த நோய் ஒருகாலத்தில் கேனரித் தீவுகளிலும் வட ஆப்பிரிக்காவிலும் இருந்தது. மண் மாறவில்லை, மருந்தும் கண்டுபிடிக்கப்படவில்லை. மக்கள் ஷூ போடத் தொடங்கினார்கள், நோய் மறைந்துவிட்டது. செருப்பின் மதிப்புக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

இன்னும் சில உண்டு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கென்யா, உகாண்டா போன்ற நாடுகளிலும் தென் அமெரிக்காவிலும் மணல் தெள்ளு என்ற பூச்சி இருக்கிறது. அதன் பெண் பூச்சி பாதத்தோலில் புதைந்து, முட்டை நிரம்பிப் பட்டாணி அளவுக்கு வீங்கும். புண்ணாகி நடக்க முடியாமல் குழந்தைகள் பள்ளிக்கு முழுக்குப் போடுகிறார்கள். ஆணி, கண்ணாடிச் சில்லு குத்திய காயமும், தடுப்பூசி போடாத குழந்தைக்கு அதனால் வரக்கூடிய ரணஜன்னியும் நாம் அறிந்தவையே.

செருப்பால் முடியாதது

"செருப்புப் போட்டால் வயிற்றில் பூச்சி வராது" என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதிதான் உண்மை. உருண்டைப்புழுவும் சாட்டைப்புழுவும் கழுவாத கை, கழுவாத காய்கறி வழியாக வாய்க்குள் போகின்றன. செருப்புக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. கொக்கிப்புழுகூட, மண்ணில் உட்கார்ந்து கையால் அளைந்து விளையாடும் குழந்தைக்குக் கை வழியாகவும் வரலாம்.

ஏற்கெனவே உள்ளே இருக்கும் புழுவை வெளியேற்ற மாத்திரை வேண்டும். இந்தியாவில் தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் கொடுக்கும் அல்பெண்டசோல் அதற்குத்தான். ஆனால் மாத்திரை மறு தொற்றைத் தடுக்காது. அடுத்த வாரமே அதே மண்ணை மிதித்தால் மறுபடியும் தொடக்கத்திலிருந்து. மண்ணில் முட்டை விழாமல் இருக்கக் கழிப்பறை வேண்டும். கழிப்பறை, மாத்திரை, செருப்பு மூன்றும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும். இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் கழிப்பறையைத்தான் சொல்வேன். ஆனால் ஊர் முழுக்கக் கழிப்பறை வர ஆண்டுகள் ஆகும். செருப்பை நாளைக்கே கொடுக்கலாம்.

மண்ணைத் தாண்டி

உடல்நலம் மட்டும் காரணம் இல்லை. பல நாடுகளில் ஷூ பள்ளிச் சீருடையின் பகுதி. இல்லையென்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பும் பள்ளிகள் உண்டு. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லாக் காலணி கொடுக்கிறார்கள். இது வந்தபின் வகுப்பில் யார் வீட்டில் காசு இல்லை என்பதைக் காலைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. அந்த ஒன்றுக்காகவே நல்ல திட்டம் என்பேன்.

செருப்புக்கும் சாதிக்கும் இங்கே இருக்கும் உறவையும் மறைப்பதற்கில்லை. சில ஊர்களில் ஆதிக்க சாதியினர் தெரு வந்ததும் தலித் மக்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. திருப்பூர் மாவட்டம் ராஜாவூரில் அப்படிப்பட்ட ஒரு தெருவில் சுமார் 60 பேர் செருப்புக் காலோடு நடந்து தடையை உடைத்தது 2023 டிசம்பரில். அந்த ஊர்க் குழந்தையிடம் செருப்பு இல்லாதது வறுமையால் மட்டும் என்று எப்படிச் சொல்வது?

தானம் எப்போது வீணாகிறது?

2006இல் பிளேக் மைகாஸ்கி தொடங்கிய டாம்ஸ் என்ற அமெரிக்கக் காலணி நிறுவனம், நீங்கள் ஒரு ஜோடி வாங்கினால் ஓர் ஏழைக் குழந்தைக்கு ஒரு ஜோடி கொடுப்போம் என்றது. உலகம் முழுக்கப் பிரபலமானது. பிறகு, பாராட்டத்தக்க விதமாக, தன் திட்டத்தை வெளியாட்கள் ஆராய அது சம்மதித்தது. பொருளாதார அறிஞர் புரூஸ் வைடிக்கும் அவர் குழுவும் எல் சால்வடாரின் 18 கிராமங்களில் ஏறத்தாழ 1,500 குழந்தைகளை ஆராய்ந்தார்கள். சில கிராமங்களுக்கு முதலில் ஷூ கொடுத்து, மற்றவற்றுக்குப் பின்னால் கொடுத்து ஒப்பிட்டார்கள்.

குழந்தைகளுக்கு ஷூ பிடித்திருந்தது, நன்றாகவே போட்டார்கள். ஆனால் கால் நலத்தில், பள்ளி வருகையில், தன்னம்பிக்கையில் சொல்லிக்கொள்ளும்படி எந்த மாற்றமும் இல்லை. உள்ளூர்க் கடை விற்பனை பெரிதாக அடிபட்டது என்றும் நிரூபிக்க முடியவில்லை. இன்னொன்று மட்டும் தெரிந்தது: "குடும்பத்தின் தேவைகளை மற்றவர்கள் கொடுக்க வேண்டும்" என்று சொன்ன குழந்தைகள் ஷூ பெறாதவர்களில் 66 சதவீதம், பெற்றவர்களில் 79 சதவீதம்.

இதைப் பார்த்து "செருப்புத் தானமே தண்டம்" என்று முடிவுகட்டியவர்கள் ஒரு விவரத்தை விட்டுவிட்டார்கள். அந்தக் கிராமங்களில் பெரும்பாலான குழந்தைகளிடம் ஏற்கெனவே ஏதோ ஒரு ஜோடி இருந்தது. கொசு இல்லாத ஊரில் வலை கொடுத்த கதை. எரிமலைச் செம்மண்ணில் வெறுங்காலோடு நடக்கும் குழந்தைக்கு இந்த முடிவைப் பொருத்த முடியாது. டாம்ஸ் 2021இல் அந்த ஒன்றுக்கு ஒன்று முறையைக் கைவிட்டு, லாபத்தின் மூன்றில் ஒரு பங்கைத் தொண்டு அமைப்புகளுக்குக் கொடுக்கும் முறைக்கு மாறியது.

சரி, கொடுப்பதென்றால்

முதலில் கேட்க வேண்டியது, அந்த ஊர்க் குழந்தைகள் உண்மையிலேயே வெறுங்காலில் நடக்கிறார்களா என்பது. அங்கே வேலை செய்யும் கிராம சுகாதார செவிலியரிடமோ பள்ளி ஆசிரியரிடமோ கேட்டால் தெரிந்துவிடும். ரத்தசோகை, காலில் புண் அதிகமா என்றும் அவர்களே சொல்வார்கள்.

வீட்டில் தேய்ந்துபோன பழைய ஷூக்களை மூட்டை கட்டி அனுப்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பிறர் காலின் வடிவத்துக்கு வளைந்துபோன ஷூ வேறொரு காலைக் கடிக்கும், ஈரம் கோத்த பழைய ஷூ பூஞ்சையையும் கொண்டுபோகும். கடிக்கிற ஷூவைக் குழந்தை இரண்டு நாளில் கழற்றிப் போட்டுவிடும். பணமாகக் கொடுத்து, அந்த ஊருக்குப் பக்கத்துக் கடையிலேயே வாங்கினால் அளவு மாற்றிக்கொள்ளவும் வசதி, கடைக்காரருக்கும் வியாபாரம்.

குழந்தையின் கால் பள்ளி வயதில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும், அதாவது ஒரு சைஸ். ஒரு தடவை கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டால், அடுத்த ஜூனில் அதே கால் மறுபடியும் வெறுங்கால்தான். ஐந்து சைஸ் வரை நீட்டிக்கொள்ளும்படி செய்த காலணியை அமெரிக்கத் தொண்டு நிறுவனம் ஒன்று ஏழை நாடுகளில் கொடுப்பது இதனால்தான். அது கிடைக்காவிட்டால், பத்துப் பள்ளிகளுக்கு ஒரு முறை கொடுப்பதற்குப் பதில் ஒரே பள்ளிக்கு ஐந்து ஆண்டு தொடர்ந்து கொடுக்கலாம்.

அளவு எடுக்கும்போது வயதைக் கேட்டு சைஸ் எழுதாதீர்கள், ஒரே வகுப்பில் நான்கு சைஸ் இருக்கும். கால் சற்று உப்பியிருக்கும் மாலை நேரத்தில், குழந்தையைப் பழைய செய்தித்தாள் மேல் நிற்கவைத்து இரண்டு பாதத்தையும் பென்சிலால் வரைந்து, பெரிய காலின் நீளத்தோடு ஒரு கட்டைவிரல் அகலம் கூட்டிக் கடையில் கேளுங்கள். மூடிய ஷூ என்றால் இரண்டு ஜோடி காலுறையும் சேர்த்து வாங்குங்கள், ஒன்று ஈரமானால் மற்றொன்று வேண்டும்.